வடகோடியிலிருந்து வந்த மீன்காரி

ஏழு வருஷம் கழித்து எலிசாப்பியிடமிருந்து வந்த முதல் செய்தி ஒரே வரிதான். "சென்னையிலிருந்து உன் ஊர் எத்தனை நாள் பயணம்?"

கீரனூரில் என் பட்டறையில் ஓர் ஐஸ்கிரீம் பெட்டியின் கம்ப்ரசரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். எண்ணெய்க் கையோடு அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தூரத்தை நாள் கணக்கில் கேட்பவர்கள் எனக்குத் தெரிந்து ஒரே ஊர்க்காரர்கள்தான். கனடாவின் வடகோடியில், பாஃபின் தீவில், ஆயிரத்துச் சொச்சம் இனுயிட் மக்கள் வாழும் ஒரு கடலோர ஊர். சாலை வழியாக அங்கே போகவே முடியாது. விமானம் உண்டு, மூடுபனி விட்டால். கப்பல் உண்டு, கோடையில் கடல் உருகினால். வளைகுடாவில் குளிர்பதனக் கிடங்குகளில் வேலை பார்த்துவிட்டுக் கனடா போன நான், அந்த ஊர் மீன் ஆலையில் உறைவிப்பு இயந்திரம் பார்க்கும் மெக்கானிக்காக நாலு வருஷம் இருந்தேன். எலிசாப்பி அங்கே மீன் தரம் பிரிக்கும் மேசையில் நின்றவள்.

இப்போது அவள் சொந்தமாகத் தொழில் செய்கிறாள். மீனைப் பிளந்து காயவைத்து விற்கிறாள். நாலு பெண்கள் அவளோடு சேர்ந்திருக்கிறார்கள். கனடாவின் வடபகுதித் தொழில்களை வளர்ப்பதற்கென்று ஏற்படுத்திய ஒரு நிதியிலிருந்து சென்னையில் நடந்த மீன் வணிகக் கூட்டத்துக்கு அவளை அனுப்பியிருந்தார்கள். "கூட்டத்தில் எல்லாரும் படம் காட்டுகிறார்கள். நான் மீன் காயவைக்கிறவர்களைப் பார்க்க வேண்டும்" என்று அடுத்த செய்தி வந்தது.

என் மனைவி செல்வியிடம் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "ஒங்கள அங்கிட்டுத் திரும்பக் கூப்பிட வாராகளா?"

"கருவாடு பாக்க வாராங்க" என்றேன்.

*

திருச்சி விமான நிலையத்தில் எலிசாப்பி வெளியே வந்து மூன்று எட்டு வைத்ததும் நின்றுவிட்டாள். மாசி மாத வெயில். எங்களுக்கு இன்னும் வெயில் காலமே தொடங்கவில்லை. அவள் முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது.

"பனி!" என்று கூப்பிட்டாள்.

என் பெயர் பழனிவேல். அந்த ஊரில் முதல் வாரமே அது 'பனி' ஆகிவிட்டது. அவர்கள் மொழியில் 'பனிக்' என்றால் மகள். மீசை வைத்த ஒரு மகள் தெற்கேயிருந்து வந்திருக்கிறாள் என்று ஊரே சிரித்தது. பனி என்றால் எங்கள் மொழியில் உங்கள் ஊர் முழுக்கக் கிடப்பதுதான் என்று நான் சொன்னதும் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். திருச்சியில் அந்தப் பெயரைக் கேட்டதும் பெட்டியை வாங்கிக்கொண்டு வேகமாக முன்னால் நடந்தேன்.

வீட்டில் செல்வி சாம்பார், கூட்டு, அப்பளம் என்று இலை போட்டிருந்தாள். எலிசாப்பி எல்லாவற்றிலும் ஒரு வாய் எடுத்துப் பார்த்துவிட்டு மரியாதைக்குச் சிரித்தாள். சாயங்காலம் ஆட்டுக்கறிக் குழம்பும் பூரியும் வந்தபோதுதான் முகம் மாறியது. எலும்பைக் கையில் எடுத்து, மஜ்ஜையை உறிஞ்சி, ஒரு துணுக்குக்கூட விடாமல் துடைத்து வைத்தாள். பூரியைப் பிட்டுப் பார்த்து, "எங்கள் ஊர் ரொட்டிக்குள் காற்று அடைத்துவிட்டீர்களா?" என்றாள். அங்கேயும் கோதுமை மாவைப் பிசைந்து எண்ணெயில் பொரிப்பார்கள். கனமாக, கையில் கல் மாதிரி இருக்கும். கறுப்புத் தேநீரில் தோய்த்து அதைத்தான் நான் நாலு வருஷம் காலையில் தின்றேன்.

"நல்லாச் சாப்புடுறாங்க" என்றாள் செல்வி, முதல்முறையாகச் சிரித்து. "எலும்ப இப்புடித் திங்கிற ஆளு நம்ம வூட்டுல யாரு இருக்கா?"

சாப்பிட்டபின் எலிசாப்பி வாசலில் நின்று போனில் ஊருக்குப் பேசினாள். ஏழு வருஷமாகக் கேட்காத அந்த மொழி, தொண்டையின் அடியிலிருந்து வரும் அந்தச் சத்தங்கள். நான் பாத்திரம் கழுவுகிற சாக்கில் உள்ளே நின்று கேட்டேன். பாதி புரியவில்லை. ஆனால் புரியாததெல்லாம் கண்முன் வந்தது. எல்லா வீட்டிலும் ஓடிக்கொண்டிருக்கும் ஊர் வானொலி. அதில் ஒருத்தி தன் நாய் அவிழ்த்துக்கொண்டு ஓடிவிட்டதாக அறிவிப்பாள். இன்னொருவர் சீல் என்ற கடல்நாயின் கறி நிறைய இருக்கிறது, வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்பார். கடும் குளிரில் நடந்தால் காலடியில் பனி கிறீச்சிடும் சத்தம். கப்பல் வருகிற அன்று பள்ளிக்கூடம் மொத்தமும் கரையில் நிற்கும். ஒரு வருஷத்துக்கான அரிசியும் மாவும் அதில்தான் வர வேண்டும். நான் அங்கே இருந்தபோது கீரனூரை நினைத்து ஏங்கினேன். கீரனூருக்கு வந்தபின் அந்த ஊரை நினைத்து ஏங்குகிறேன் என்று செல்வியிடம் எப்படிச் சொல்வது?

*

மறுநாள் அவளுக்கு ஓய்வு என்று நினைத்திருந்தேன். காலை எட்டு மணிக்கே பட்டறைக்கு வந்து, பழுதுக்கு வந்திருந்த பெரிய உறைபெட்டியின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டாள். கடைக்கு வந்த ஒருவர், "என்னண்ணே, அந்தம்மா எதையும் தொலச்சுட்டாங்களா?" என்று கேட்டார். "ஊரத் தேடுறாங்க" என்றேன்.

பிற்பகலில் சித்தன்னவாசலுக்குக் கூட்டிப்போனேன். போகிற வழியில் காரின் முன்பக்கத்திலிருந்து மெல்லிய கீச்சொலி வந்தது. எலிசாப்பி காதைச் சாய்த்துக் கேட்டாள். "உன் வண்டி அழுகிறது" என்றாள்.

"அது ஒன்றுமில்லை. பெல்ட் கொஞ்சம் பழசு" என்றேன்.

அவள் கண்ணாடியை இறக்கி மறுபடி காது கொடுத்தாள்.

குகைக்குள் கூரையைப் பார்த்து நின்றாள். தாமரைக் குளம், பூப் பறிக்கும் துறவிகள், அங்கங்கே மங்கிப்போன மீன்கள். பார்க்க வருகிறவர்கள் ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். இவள் கழுத்து வலிக்கிற வரைக்கும் மீனையே பார்த்தாள்.

"வரைந்தவன் மீனை உயிரோடு பார்த்திருக்கிறான். செத்த மீனைப் பார்த்து வரைந்தால் வால் இப்படி வளையாது."

"இங்கே இருந்த சமணத் துறவிகள் மீனே தின்னாதவர்கள்" என்றேன்.

"தின்னாமல் என்ன செய்தார்கள்?"

"பார்த்துக்கொண்டிருந்தார்கள்."

அவள் சிரித்த சிரிப்பில் காவலாளி எட்டிப் பார்த்தார்.

*

மூன்றாம் நாள்தான் கடற்கரைப் பயணம். மீமிசலைத் தாண்டி ஒரு மீனவக் கிராமத்தில் ஆயிஷா பீவி என்பவரின் பெண்கள் குழு சூரியக் கூடாரம் போட்டுக் கருவாடு காயவைக்கிறது. அவர்களுடைய ஐஸ் பெட்டிகளுக்கு நான்தான் மெக்கானிக். அந்தப் பழக்கத்தில் அழைத்துப் போனேன்.

புதுக்கோட்டை தாண்டி, அறந்தாங்கி தாண்டி, ஆவுடையார்கோவிலுக்குச் சற்று முன்னால் கார் பெரிதாக ஒரு சத்தம் போட்டது. பெல்ட் அறுந்துவிட்டது. இஞ்சினிலிருந்து ஆவி கிளம்பியது. இரண்டு பக்கமும் கருவேலங்காடு. ஒரே ஒரு புளியமர நிழல்.

மூடியைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றேன். கார் நின்றது எனக்குப் பெரிய விஷயமில்லை. எலிசாப்பி முன்னாலேயே சத்தத்தைச் சொல்லியும் நான் கேட்காதது இது இரண்டாவது தடவை.

முதல் தடவை ஓர் ஆகஸ்ட் மாதம். ஆற்று வாயில் மீன் கூட்டம் கூட்டமாக வந்த பருவம். ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் பிடித்துக் கொடுத்த மீன், ஆலையின் உறைவறையில் நிறைந்து கிடந்தது. மேசையில் நின்ற எலிசாப்பி என்னிடம் வந்து, "இயந்திரத்தின் குரல் மாறியிருக்கிறது" என்றாள். நான் அழுத்தமானியைப் பார்த்தேன். முள் சரியாக இருந்தது. "ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். படித்தவன் நான்தானே. மூன்று நாளில் கம்ப்ரசர் இறுகி நின்றது. மாற்று உறுப்பு தெற்கேயிருந்து விமானத்தில் வர வேண்டும். ஐந்து நாள் மூடுபனி. விமானம் இறங்கவில்லை. ஓடுபாதைப் பக்கமே பார்த்துக்கொண்டு நான் நின்ற ஐந்து நாளும் உள்ளே மீன் இளகிக்கொண்டிருந்தது. கைக்குக் கிடைத்ததைப் பெண்கள் பிளந்து கொடியில் தொங்கவிட்டார்கள். மீதி நாய்களுக்குப் போனது.

ஊரில் ஒருவரும் என்னைத் திட்டவில்லை. கடையில் வழிவிட்டார்கள், தேநீர் கொடுத்தார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை. செல்விக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு அக்டோபரில் கிளம்பிவிட்டேன். எலிசாப்பி அப்போது வேட்டைக்குப் போன குடும்பத்தோடு வெளியூரில் இருந்தாள். அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

புளியமரத்தடியில் இதையெல்லாம் நான் வரிசையாகச் சொல்லவில்லை. ஒரே வாக்கியம்தான் வந்தது. "அன்றைக்கு நீ சொன்னதை நான் கேட்டிருக்க வேண்டும்."

"ஆமாம், கேட்டிருக்க வேண்டும்" என்றாள்.

பரவாயில்லை என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மணிக்கட்டில் ஊற்றிக்கொண்டாள்.

"அந்தக் குளிர்காலம் நீளமாக இருந்தது. ஆனால் எனக்குக் கோபம் வந்தது மீனுக்காக இல்லை" என்றாள். "இயந்திரம் கெடும். வலை கிழியும். அது எல்லாருக்கும் தெரியும். நீ சொல்லாமல் போனாய். உனக்குப் பின்னால் ஒருவன் வந்தான், ஆறு மாதத்தில் போனான். இன்னொருவன் வந்தான், அவனும் போனான். எங்களுக்கு உதவி செய்யத் தெற்கே கூட்டம் போடுகிறார்கள். பெட்டி பெட்டியாகச் சாமான் அனுப்புகிறார்கள். சாமான் எங்களோடு இருக்கிறது. சாமானைத் தெரிந்தவன்தான் இருப்பதில்லை."

நான் காரின் மூடியைச் சாத்தினேன். அறந்தாங்கியில் தெரிந்த கார் மெக்கானிக்குக்குப் போன் செய்து, வண்டியை எடுத்துப்போகச் சொன்னேன்.

*

மீமிசல் பஸ் வந்தது. நெருக்கியடித்த கூட்டம். எலிசாப்பி படியில் ஒரு கால் வைத்ததும் கண்டக்டர், "யம்மா, படியில நிக்காதீங்க, உள்ள வாங்க, உள்ள வாங்க" என்று தமிழில் சொல்ல, அவள் சரியாகப் புரிந்துகொண்டு உள்ளே போனாள். ஒரு பெண் தன் மடியிலிருந்த கூடையைக் கீழே வைத்து இடம் கொடுத்தாள்.

"எந்த ஊருண்ணே இவுக? நேபாளமா?"

"இல்லங்க, வடதுருவத்துப் பக்கம்."

"அங்கிட்டு எல்லாம் பஸ் போகுதா?" என்றாள் அந்தப் பெண். மொழிபெயர்த்தேன். எலிசாப்பி, "இல்லை. அதனால்தான் இதை நான் ரசித்துக்கொண்டிருக்கிறேன்" என்றாள். அவள் தலைக்கு மேலே ஒருவருடைய கோழி தொங்கிக்கொண்டிருந்தது.

ஆயிஷா பீவி கரைக்கே வந்து காத்திருந்தார். அறுபதை நெருங்கும் வயது. முக்காடு காற்றில் பறக்க, "வாங்க, வாங்க, இங்கிட்டு நெழலுக்கு வாங்க" என்று எலிசாப்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். படகு வந்த நேரம். பாறை, வாளை, கூடை கூடையாய் நெத்திலி. அரிவாள்மணையில் உட்கார்ந்து அவர் ஒரு பாறை மீனைப் பிளந்தார். எலிசாப்பி தன் பையிலிருந்து பிறை வடிவக் கத்தியை எடுத்தாள். அவர்கள் ஊரில் பெண்களுடைய கத்தி அது. இன்னொரு மீனை எடுத்து, முதுகெலும்பு ஒரு பக்கம், சதை ஒரு பக்கம், தோல் அறுபடாமல் விரித்துப் போட்டாள்.

"அடேயப்பா! எலும்புல ஒரு பொட்டுச் சதை ஒட்டல" என்றார் ஆயிஷா பீவி.

சொல்லி முடிப்பதற்குள் எலிசாப்பி ஒரு துண்டை நறுக்கிப் பச்சையாக வாயில் போட்டுக்கொண்டாள்.

கரையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் "ஆத்தாடி!" என்றார்கள்.

"அவுங்க ஊருல அப்புடித்தான்" என்று நான் அவசரமாக விளக்கினேன்.

"இருக்கட்டும். உப்பாவது தொட்டுக்கச் சொல்லுங்க" என்றார் ஆயிஷா பீவி.

அப்புறம் கூடாரத்துக்குப் போனோம். ஒளி ஊடுருவும் தகடுகள் வேய்ந்த நீளக் கொட்டகை. உள்ளே அடுக்கடுக்காக வலைத்தட்டுகள், ஒரு முனையில் மின்காற்றாடிகள். எலிசாப்பி உள்ளே நுழைந்த வேகத்தில் வெளியே வந்தாள். "எங்கள் மீனில் கொழுப்பு அதிகம். இந்தச் சூட்டில் உருகிவிடும்" என்றாள். அவள் முகம் விழுந்துவிட்டது. இதைப் போல ஒன்று வாங்கிப் போகலாம் என்றுதான் கருவாடு பார்க்கக் கேட்டிருந்தாள். கோடையில் வரும் கப்பலைத் தவறவிட்டால் இன்னொரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

நான் மொழிபெயர்த்தேன். ஆயிஷா பீவி யோசித்தார்.

"வெயிலா காயவைக்கிது? காத்துதான் காயவைக்கிது. மழக்காலத்துல இந்தக் கண்ணாடி வூடு சும்மாதான் கெடக்கும். அந்தக் காத்தாடிய ஓடவிட்டுத்தான் நாங்க ஒப்பேத்துறோம். அவுங்க ஊருல காத்து இருக்குல்ல?"

"காற்று மட்டும்தான் இருக்கிறது" என்றாள் எலிசாப்பி.

"அப்பறம் என்ன? தட்டும் காத்தாடியும் போதும். மேல மழைக்கு ஒரு கூரை. இத யாரும் கப்பல்ல அனுப்பவேணாம், நீங்களே அடிச்சுக்கலாம்."

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். மணலில் ஆயிஷா பீவி கோடு போட, எலிசாப்பி அதை அழித்து வேறு கோடு போட்டாள். கொஞ்ச நேரத்தில் என் மொழிபெயர்ப்பு யாருக்கும் தேவைப்படவில்லை. அன்று அங்கேயே தங்கினோம். மறுநாள் காலை எலிசாப்பி முந்தானையைச் செருகாத குறையாக அந்தப் பெண்களோடு தட்டில் நெத்திலி பரப்பினாள். காற்றாடி மோட்டார் ஒன்று திணறியபோது ஆயிஷா பீவியின் நாத்தனார் திருப்புளியோடு ஏறி அதைக் கழற்றினார். நான் எழுந்தேன்.

"நீங்க உக்காருங்கண்ணே. இதுக்கெல்லாம் ஒங்களக் கூப்புட்டா நீங்க வந்து சேர ரெண்டு நாளாகும். நாங்களே படிச்சுக்கிட்டோம்" என்றார் அவர்.

எலிசாப்பி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அவள் என்ன சொன்னாள்?"

மொழிபெயர்த்தேன். அவள் அடுத்த தட்டை எடுத்தாள்.

திரும்பும் பஸ்ஸில்தான் கேட்டாள். "ஜூலையில் நீ வர வேண்டும், இரண்டு மாதத்துக்கு. மெக்கானிக்காக இல்லை. ஆலை இப்போது எங்கள் ஊரின் கையில் இருக்கிறது. என்னோடு இருக்கும் நாலு பேருக்கும் எனக்கும் அந்த இயந்திரத்தை முழுசாகக் கழற்றி மாட்டச் சொல்லிக்கொடு. அப்புறம் நீ போகலாம். இந்தத் தடவை சொல்லிவிட்டுப் போ."

என்னால் உடனே சரி என்று சொல்ல முடியவில்லை. வளைகுடாவும் கனடாவுமாக நான் வெளியே இருந்தது பதினோரு வருஷம். அந்தப் பதினோரு வருஷமும் செல்வி தனியாக இருந்தாள். மகளைப் படிக்கவைத்தாள், வீடு கட்டினாள், என் அம்மாவை அடக்கம் செய்தாள். இனி எங்கேயும் போகமாட்டேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன்.

*

ஐந்தாம் நாள், விமான நிலையத்துக்குச் செல்வியும் வந்தாள். ஆயிஷா பீவி கொடுத்த நெத்திலிக் கருவாட்டை ஏழு சுற்றுக் கட்டிப் பெட்டியில் வைத்தது அவள்தான். நான் முந்தின இரவே அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். கெட்டுப்போன மீன், அவள் உடம்பைச் சாக்குச் சொன்னது, ஜூலை. கேட்டுவிட்டு விளக்கை அணைத்துப் படுத்துவிட்டாள்.

வாசலில் எலிசாப்பி என்னைப் பார்த்தாள். நான் செல்வியைப் பார்த்தேன்.

"எத்தன மாசம்?" என்றாள் செல்வி.

"ரெண்டு."

"ரெண்டுக்கு மேல ஒரு நா கூடக் கெடயாது. அந்தம்மாகிட்ட சொல்லிருங்க."

சொன்னேன். எலிசாப்பியின் முகம் மலர்ந்தது.

"இருங்க, நா இன்னும் முடிக்கல" என்றாள் செல்வி. "எனக்கு ஒடம்பு முடியலன்னு அங்க சொல்லிட்டுத்தானே வந்தீங்க? நானும் வாரேன். நல்லாத்தான் இருக்கேன்னு அவுங்க பாக்கட்டும். பதினோரு வருஷமா நீங்க போனுல சொன்ன ஊரெல்லாம் நா கண்ணால பாக்கவே இல்ல. அங்க சீலை கட்டிக்கிட்டு நடக்க முடியுமான்னு கேளுங்க."

மொழிபெயர்த்துச் சொன்னதும் எலிசாப்பி பெட்டியைக் கீழே வைத்தாள். "ஜூலையிலும் குளிரும். சேலைக்கு மேலே போட ஓர் அங்கி தைத்து வைக்கிறேன்" என்றாள். செல்வியின் முன்னால் வந்து நின்று, கட்டைவிரலையும் நடுவிரலையும் விரித்து, தோளிலிருந்து மணிக்கட்டு வரை சாண் போல வைத்து அளக்கத் தொடங்கினாள். தள்ளுவண்டிகள் எங்களைச் சுற்றிக்கொண்டு போயின. செல்வி இரண்டு கையையும் விரித்து, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அளவெடுக்கத் தோதாக அசையாமல் நின்றாள்.